ரோமில் யார் ராஜா? ஒன்பது வயதுப் பையனுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஜூன் 4, மாலை (கேள்வி)

பையன் ரோமைப் பிடித்துக்கொண்டுவிட்டான். "ஜூலியஸ் சீசர்தான் முதல் பேரரசர், பொறாமையில் கொன்றுவிட்டார்கள்" என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "ராஜா செத்தால் ராஜா பையன் வருவான், அப்புறம் செனட் எதுக்கு? ஓட்டு எதுக்கு?" என்கிறான். போர்க்கதை வேண்டாமாம். யார் ஆண்டார்கள், எப்படி ஆண்டார்கள் என்று சொல்ல வேண்டுமாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு (பதில்)

சீசர் பேரரசராக இருந்ததே இல்லை. கடைசியில் அவர் வகித்தது 'வாழ்நாள் சர்வாதிகாரி' என்ற பதவி. சர்வாதிகாரி என்பது ரோமில் முன்பே இருந்த சட்டபூர்வமான பதவிதான். 'வாழ்நாள்' என்பதுதான் புதிதாக ஒட்டவைத்தது. பேரரசர்களின் வரிசையை அவருடைய தத்துப்பிள்ளை அகஸ்டஸிடமிருந்துதான் எண்ணுகிறார்கள்.

சீசரிலிருந்து ஆரம்பித்தால் பிள்ளைகள் மனதில் கத்திக்குத்து மட்டும்தான் நிற்கும். 23 குத்து என்று எண்ணிச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு குஷி. நாலரை நூற்றாண்டு பின்னால் போய் ஆரம்பியுங்கள். எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிவருகிறேன். அங்கே 'யார் ராஜா' என்று நான் தொடங்குவதில்லை. 'யார் "கூடாது" என்று சொன்னால் வேலை நின்றுபோகும்?' என்று கேட்கிறேன். ரோமை விளக்க இந்த ஒரு கேள்வியே போதும் என்பது என் கட்சி. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5, காலை

ரோமர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை இது. கி.மு. 509ல் டார்குவினியஸ் என்ற கொடுங்கோல் அரசனை ஊரைவிட்டே துரத்தினார்கள். இனி ராஜா என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று முடிவு. ஆனால் படை நடத்த ஆள் வேண்டும், சபையைக் கூட்ட ஆள் வேண்டும். அதனால் ராஜாவிடம் இருந்த அதிகாரத்தை அப்படியே எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள்தான் கான்சல்கள். பதவி ஒரே வருடம். இவர் செய்வதை அவர் தடுக்கலாம், அவர் செய்வதை இவர் தடுக்கலாம்.

பிள்ளைகளுக்குக் கோடாலியைக் காட்டுங்கள். கான்சல் நடந்து போனால் முன்னே 12 காவலர்கள் வரிசையாகப் போவார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு கட்டுக் கம்பு, வாரால் இறுக்கிக் கட்டியது. ஊருக்கு வெளியே, படையோடு இருக்கும்போது, அந்தக் கட்டுக்குள் ஒரு கோடாலியும் செருகியிருக்கும். ரோம் நகர எல்லைக்குள் நுழையும்போது கோடாலியை உருவி எடுத்துவிட வேண்டும். வெளியே அவர் சொன்னால் தலை போகும். உள்ளே ஒரு குடிமகன் தலைக்கு ஆபத்து என்றால் அவன் மக்களிடம் முறையிடலாம். இதைப் படமாக வரையச் சொன்னால் கோடாலி உள்ள படம், இல்லாத படம் என்று இரண்டு வரைந்துவிடுவார்கள். அதற்கு மேல் விளக்கமே வேண்டாம்.

வருடத்துக்குப் பெயரும் இந்த இருவர்தான். 'இன்னாரும் இன்னாரும் கான்சலாக இருந்த ஆண்டு' என்றுதான் ரோமர்கள் ஆண்டைக் குறித்தார்கள்.

ஜூன் 5, மதியம்

மேலே எழுதியதற்கு ஒரு வால். கி.மு. 59ல் ஜூலியஸ் சீசர் ஒரு கான்சல், பிபுலஸ் இன்னொரு கான்சல். சீசர் கொண்டுவந்த நிலச் சட்டத்தைத் தடுக்கப் பிபுலஸ் மக்கள் கூடும் மன்றத்துக்கு வந்தார். சீசரின் ஆட்கள் அவர் தலையில் ஒரு கூடைச் சாணியைக் கொட்டி, காவலர்களின் கம்புக்கட்டுகளை உடைத்தார்கள். அதற்குப் பிறகு வருடம் முடியும்வரை பிபுலஸ் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. 'வானத்தில் சகுனம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கூட்டம் நடத்தக் கூடாது' என்று உள்ளேயிருந்தே அறிக்கை விட்டுக்கொண்டிருந்தார். ரோமின் சமய வழக்கப்படி அதுவும் ஒரு தடைதான். சீசர் கண்டுகொள்ளவில்லை. அந்த ஆண்டுக்கு ரோமர்கள் கிண்டலாக வைத்த பெயர்: 'ஜூலியஸும் சீசரும் கான்சலாக இருந்த ஆண்டு'.

சாணிக்கூடை வந்த இடத்தில் பிள்ளைகள் சிரித்து உருளுவார்கள். சிரிக்க விட்டுவிட்டு, 'சரி, இப்போது அந்த ஊரில் "கூடாது" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறுவார்கள். அந்தத் திணறல்தான் நமக்கு வேண்டும்.

ஜூன் 6

கான்சல்களை வைத்தே முடித்துவிட்டால் பாதி ரோம் விட்டுப்போகும். ஏழைகள் எங்கே?

ஆரம்பத்தில் கான்சல் பதவி, பூசாரிப் பதவி, செனட் என்ற பெரியவர்கள் சபை எல்லாம் பட்ரீசியன் என்ற சில பழைய குடும்பங்களின் கையில் இருந்தன. மற்ற எல்லாரும் பிளெபியன். கடன் வாங்கித் திருப்ப முடியாத பிளெபியனைக் கடன் கொடுத்தவன் கட்டிப்போட்டு வேலை வாங்கலாம். கி.மு. 494ல், மரபு சொல்வதுபடி, அவர்கள் செய்த காரியம் இது: கூட்டமாக நகரத்தைவிட்டு வெளியேறி, பக்கத்தில் ஒரு குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். படையில் பெரும்பகுதி அவர்கள்தான். எதிரி வந்தால் யார் சண்டை போடுவது? செனட் இறங்கிவந்தது.

அப்போது பிறந்ததுதான் ட்ரிப்யூன் பதவி. என்னைக் கேட்டால் ரோமர்கள் உருவாக்கியவற்றிலேயே நெஞ்சைத் தொடுவது இந்தப் பதவிதான். ட்ரிப்யூனுக்குப் படை கிடையாது. கம்புக்கட்டுக் காவலர் கிடையாது. அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் ஓடிவந்து 'காப்பாற்று' என்று நிற்கலாம். இரவில் ஊரைவிட்டு வெளியே தங்கக் கூடாது. ஓர் அதிகாரி ஒரு பிளெபியனை இழுத்துக்கொண்டு போனால், ட்ரிப்யூன் குறுக்கே போய் நின்று 'தடுக்கிறேன்' என்று சொல்லலாம். நேரில் நின்று சொல்ல வேண்டும். அவர் மேல் கை வைத்தால்? கை வைத்தவனைக் கொல்வோம் என்று பிளெபியன்கள் எல்லாரும் சேர்ந்து சத்தியம் செய்திருந்தார்கள். அந்தச் சத்தியம் ஒன்றுதான் அவருக்குப் பாதுகாப்பு.

பிற்பாடு பத்து ட்ரிப்யூன்கள். கி.மு. 367 சட்டத்துக்குப் பிறகு பிளெபியன்களும் கான்சல் ஆனார்கள். கி.மு. 287லிருந்து பிளெபியன் சபை போட்ட தீர்மானம் எல்லாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் ஆனது. இருநூறு வருட இழுபறி. வருடங்களைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், குன்றில் போய் உட்கார்ந்ததை மட்டும் நன்றாகச் சொல்லுங்கள்.

ஜூன் 8

ஓட்டு எதுக்கு என்று உங்கள் பையன் கேட்டானே, அதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தாலும் ஒப்பேற்றலாம், இருபதுக்கு மேல் இருந்தால் அருமை.

24 பிள்ளைகள் என்று வையுங்கள். ஏழு குழுவாகப் பிரியுங்கள். முதல் நாலு குழுவில் தலா ஒரே ஒரு பிள்ளை. அடுத்த இரண்டு குழுவில் ஐந்து ஐந்து பேர். கடைசிக் குழுவில் பத்துப் பேர். குழுவுக்கு ஒரு ஓட்டு. கேரமா, கண்ணாமூச்சியா என்று கேளுங்கள். மேலிருந்து வரிசையாகக் கூப்பிடுங்கள். நாலு ஓட்டு ஒரு பக்கம் சேர்ந்தவுடன் முடிவு அறிவித்து நிறுத்திவிடுங்கள்.

நாங்கள் விளையாடியபோது முதல் நாலு பேரும் கேரம் என்றார்கள். முடிந்தது. இருபது பிள்ளைகள் வாய் திறக்கவே இல்லை. கடைசிக் குழுவில் இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றே விட்டாள். "எங்களைக் கூப்பிடவே இல்லையே!" என்றாள். அழுகை வரும் குரல். 'ரோமிலும் கூப்பிட மாட்டார்கள்' என்று சொன்னதும் மொத்தக் கூட்டமும் கத்தியது, அநியாயம் என்று.

கான்சலைத் தேர்ந்தெடுத்த சபையில் நடந்தது இதுதான். மொத்தம் 193 குழுக்கள். சொத்தை வைத்துப் பிரித்தவை. குதிரைப்படைக்காரர்களுக்கு 18, முதல் வகுப்புப் பணக்காரர்களுக்கு 80. கூட்டினால் 98. பாதியைத் தாண்ட 97 போதும். சொத்தே இல்லாத மக்கள் எல்லாரையும், எத்தனை ஆயிரம் பேர் ஆனாலும், ஒரே குழுவில் அடைத்தார்கள். பணக்காரர்கள் ஒன்றுபட்டால் கீழே உள்ளவர்களைக் கூப்பிடும் முன்பே முடிவு வந்துவிடும்.

ஜூன் 8, இரவு

80 என்பது பழைய கணக்கு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் முதல் வகுப்பை 70 ஆகக் குறைத்தார்கள். அப்போது 18ம் 70ம் 88தான். இரண்டாம் வகுப்பின் தயவும் வேண்டியிருந்தது. பெரிய பிள்ளைகள் என்றால் இந்தக் கூட்டலையும் போட்டுக் காட்டலாம். ட்ரிப்யூன்களைத் தேர்ந்தெடுத்த சபை வேறு, அதில் குழுக்கள் சொத்துப்படி இல்லை.

பெண்களுக்கு எந்தச் சபையிலும் ஓட்டு இல்லை. அடிமைகளுக்கும் இல்லை. இதை விளையாட்டுக்கு முன்னால் சொல்லாமல் பின்னால் சொல்லுங்கள். கடைசிக் குழுவில் உட்கார்ந்து கோபப்பட்ட பிள்ளைக்குத்தான், அந்தக் குழுவுக்கும் வெளியே ஆட்கள் இருந்தார்கள் என்பது உறைக்கும்.

ஜூன் 9

நண்பர் ஒருவர் 'இதெல்லாம் வறண்ட சட்டம், பிள்ளை தூங்கிவிடும்' என்கிறார். அப்படியானால் பாம்பேய்க்குப் போவோம்.

கி.பி. 79ல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த ஊர். சுவரெல்லாம் தேர்தல் விளம்பரம். ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. நம் ஊரில் தேர்தல் வந்தால் சுவருக்கு வெள்ளையடித்துப் பெயர் எழுதுவோமே, அதேதான்: சுண்ணாம்பு அடித்து, சிவப்பிலோ கறுப்பிலோ பெரிய எழுத்து. இன்னாரை நகர அதிகாரியாக்குங்கள் என்று பழக்கடைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள், ரொட்டி சுடுகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஓட்டே இல்லாத பெண்களின் பெயரிலும் ஆதரவு இருக்கிறது. அசெல்லினா என்ற பெண்ணின் பெயரைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். வாட்டியா என்ற வேட்பாளருக்கு ஆதரவாக மூன்று விளம்பரங்கள்: சில்லறைத் திருடர்கள் கேட்கிறார்கள், ராத்திரிக் குடிகாரர்கள் கேட்கிறார்கள், தூங்குமூஞ்சிகள் கேட்கிறார்கள், வாட்டியாவைத் தேர்ந்தெடுங்கள் என்று! எதிராளி எழுதியதா, கூட்டாளிகளின் கேலியா என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு கட்சி கட்டுவார்கள்.

எழுதியவர்களும் தெரிகிறார்கள். கிளாடியேட்டர் போட்டி விளம்பரம் ஒன்றின் ஓரத்தில், எமிலியஸ் கெலர் நிலா வெளிச்சத்தில் தனியாக எழுதினான் என்று குறிப்பு. இன்னொரு சுவரில், 'விளக்குக்காரா, ஏணியைப் பிடி' என்று இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். ரோம் நகரில் கான்சல் தேர்தல் மக்கள் கையைவிட்டுப் போய் அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்த நேரம் அது. சின்ன ஊர்களில் மட்டும் தேர்தல் அத்தனை உயிரோடு நடந்துகொண்டிருந்தது.

ஜூன் 12

'இத்தனை தடை இருந்தும் ரோமின் இந்த ஏற்பாடு எப்படி உடைந்தது?' என்று கேட்டிருக்கிறார்கள். சரியான கேள்வி. என் பதில் கி.மு. 133.

டைபீரியஸ் கிராக்கஸ் ஒரு ட்ரிப்யூன். பணக்காரர்கள் அளவுக்கு மீறி வைத்திருந்த பொது நிலத்தை எடுத்து ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். இன்னொரு ட்ரிப்யூன், ஆக்டேவியஸ், 'தடுக்கிறேன்' என்றார். ஏழையைக் காக்கப் பிறந்த சொல் ஏழைக்கு எதிராகத் திரும்பியது. கிராக்கஸ் என்ன செய்தார்? சபையை ஓட்டுப்போடச் செய்து ஆக்டேவியஸைப் பதவியிலிருந்தே நீக்கினார். யார் பக்கம் நியாயம்?

இந்த இடத்தில் என்னால் இன்னமும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. முன்பெல்லாம் கிராக்கஸ் பக்கமே கதையைச் சாய்த்துச் சொல்வேன். நிலம் இல்லாதவனுக்கு நிலம் கொடுக்க வந்தவர் அல்லவா! ஆனால் தடுப்பவரையே தூக்கிவிடலாம் என்று ஆகிவிட்டால், நாளை கெட்ட சட்டம் கொண்டுவருபவனும் அதையே செய்வான். இப்போதெல்லாம் பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து வாதாட விட்டுவிடுகிறேன்.

முடிவு மட்டும் தெளிவு. கிராக்கஸ் அடுத்த ஆண்டுக்கும் ட்ரிப்யூனாக நின்றபோது, செனட்டர்கள் சிலர் ஆட்களோடு கிளம்பிவந்து, உடைந்த பெஞ்சுக் கால்களால் அவரை அடித்தே கொன்றார்கள். கூட 300க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உடல்களை டைபர் ஆற்றில் எறிந்தார்கள். ட்ரிப்யூன் மேல் கை வைக்கக் கூடாது என்ற பழைய சத்தியம் அன்றோடு போயிற்று. சின்னப் பிள்ளைகளுக்கு ஆற்றை விட்டுவிடலாம். பெஞ்சுக் காலை விடாதீர்கள்.

ஜூன் 13

சர்வாதிகாரி பற்றிக் கேட்டவருக்கு: ஆபத்துக் காலத்தில் ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுப்பார்கள், அதிகபட்சம் ஆறு மாதம். சின்சினாட்டஸ் கதை எல்லாருக்கும் தெரியும்: வயலிலிருந்து கூட்டிவந்தார்கள், ஜெயித்தார், பதினாறாம் நாள் பதவியை விட்டுவிட்டு வயலுக்குத் திரும்பினார். கி.மு. 82ல் சுல்லா என்ற தளபதி, படையோடு ரோமைப் பிடித்து, காலவரையே இல்லாமல் சர்வாதிகாரி ஆனார். கொல்ல வேண்டியவர்கள் பட்டியலை மன்றத்தில் ஒட்டினார். பிறகு அவராகவே விலகினார். கி.மு. 44 பிப்ரவரியில் சீசர் 'வாழ்நாள்' என்றார், மார்ச் 15ல் கொன்றார்கள். கொன்றவர்களுக்கு அடுத்த நாள் என்ன செய்வது என்ற திட்டம் இல்லை. சீசர் கதைக்கு இவ்வளவு போதும்.

ஜூன் 15

நான் ஆரம்பத்திலிருந்து வர நினைத்த இடம் அகஸ்டஸ்தான்.

சீசரின் தத்துப்பிள்ளை. சீசர் இறந்தபோது வயது 18. பதின்மூன்று வருட உள்நாட்டுப் போரில் எல்லாரையும் தோற்கடித்தார். கி.மு. 27ல் செனட்டுக்குப் போய், எல்லா அதிகாரத்தையும் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். செனட் அவருக்கு அகஸ்டஸ் என்ற பெயரையும், படைகளில் பெரும்பகுதி நின்ற மாகாணங்களையும் கொடுத்தது. கான்சல்கள் வருடா வருடம் வந்தார்கள். செனட் கூடியது. பத்து ட்ரிப்யூன்களும் இருந்தார்கள். பெயர்ப்பலகை ஒன்றுகூட மாறவில்லை.

கி.மு. 23ல் அவர் கான்சல் பதவியை விட்டார். அதற்குப் பதிலாக ஒன்றை வாழ்நாளுக்கும் வாங்கிக்கொண்டார்: ட்ரிப்யூனின் அதிகாரம். அவர் பட்ரீசியன், ட்ரிப்யூன் ஆகவே முடியாது. பதவி வேண்டாம், அதன் அதிகாரம் மட்டும் போதும் என்றார். குன்றில் போய் உட்கார்ந்த ஏழைகள் வாங்கிய அந்த 'தடுக்கிறேன்' இப்போது ரோமிலேயே பலம் படைத்த மனிதரின் கையில். அவர் மேல் கை வைத்தால் தெய்வக் குற்றம். அவரைத் தடுக்க ஒருவரும் துணிய முடியாது. அதற்குப் பிறகு வந்த பேரரசர்கள் தங்கள் ஆட்சி ஆண்டுகளை இந்த அதிகாரத்தை வைத்தே எண்ணிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் நடந்ததைப் பிள்ளைகளுக்கு நடித்தே காட்டலாம். வெள்ளம், பஞ்சம். மக்கள் செனட் கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டு, அகஸ்டஸைச் சர்வாதிகாரி ஆக்கு, இல்லாவிட்டால் கொளுத்திவிடுவோம் என்றார்கள். அகஸ்டஸ் மண்டியிட்டு, தோளிலிருந்து டோகா என்ற மேலாடையை இழுத்துவிட்டு, நெஞ்சைக் காட்டி, அந்தப் பதவி மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினார். ஏன் வேண்டாம் என்றார்? எங்கள் நூலகத்தில் ஒரு பையன் உடனே சொன்னான்: "அதை வாங்கினவரைத்தானே கொன்றார்கள்!"

கி.பி. 14ல் அவர் இறந்த ஆண்டிலேயே, அடுத்த பேரரசர் டைபீரியஸ் காலத்தில், தேர்தல் மக்கள் சபையிலிருந்து செனட்டுக்குப் போய்விட்டது. பெரிய எதிர்ப்பு ஒன்றும் எழவில்லை.

ஜூன் 16

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். இங்கே கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. மிளகுக்கும் முத்துக்கும் வந்த பணம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகள் உண்டு. கரூர், கோவைப் பக்கம் நிறையக் கிடைத்திருக்கின்றன.

அகஸ்டஸ் காசில் நம் நாட்டில் அதிகம் கிடைப்பது ஒரு வகை. ஒரு பக்கம் அவர் தலை. மறுபக்கம் டோகா போட்ட இரண்டு பையன்கள், நடுவில் கேடயமும் ஈட்டியும். காயஸ், லூசியஸ். அவருடைய பேரன்கள், அவரே தத்தெடுத்தவர்கள். சுற்றிலும் உள்ள எழுத்து அவர்களை 'கான்சலாகக் குறிக்கப்பட்டவர்கள்' என்கிறது. பழைய சட்டப்படி கான்சலாக 42 வயது ஆக வேண்டும். இவர்களுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது பதினான்கு, பதினைந்து வயதில்! உங்கள் பையன் கேட்ட 'ராஜா பையன்' இதோ நிற்கிறான், ராஜா என்ற பெயர் மட்டும் இல்லை. இரண்டு பேருமே இளம் வயதில் இறந்துபோனார்கள். அதனால்தான் டைபீரியஸ் வந்தார்.

1898ல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரு பொற்காசுப் புதையல் கிடைத்தது. அதில் மிகப் பல காசுகளில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். இனி இது காசாக ஓடக் கூடாது, வெறும் பொன்தான் என்று காட்டச் செய்ததாக இருக்கலாம் என்கிறார்கள். இந்தப் படத்தைப் பிள்ளைகளிடம் காட்டியபோது கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.

ஜூன் 17

பின்னால் வந்த பேரரசர் கலிகுலா தன் குதிரையைக் கான்சல் ஆக்கினார் என்று எழுதியவருக்கு: ஆக்கவில்லை. ஆக்க நினைத்தார் என்று பேச்சு இருந்ததாகத்தான் பழைய நூல்கள் சொல்கின்றன. ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசிக்கவும் இல்லை. பிடில் அப்போது கிடையாது, தீப்பிடித்த நேரத்தில் அவர் ஆன்ட்டியம் என்ற ஊரில் இருந்தார். குதிரைக் கதையைச் சொல்லுங்கள், தவறில்லை. கான்சல் பதவி ஒரு குதிரைக்குக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்று மக்கள் நினைக்கும் நிலைக்கு வந்துவிட்டதே, அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜூன் 21

பையன் இப்போது கேட்பது: "அப்படியென்றால் பேரரசரை யாருமே தடுக்க முடியாதா?"

முடியும், படையால். பேரரசரைக் காக்க ரோமிலேயே ஒரு காவல்படை இருந்தது. கி.பி. 41ல் அதன் அதிகாரிகள் சிலர் சேர்ந்து கலிகுலாவைக் கொன்றார்கள். செனட், பேரரசர் இல்லாத பழைய குடியரசைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று பேசிக்கொண்டிருந்தது. அதற்குள் காவலர்கள் அரண்மனையில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸைக் கண்டுபிடித்து, தங்கள் பாசறைக்குத் தூக்கிப்போய்ப் பேரரசர் ஆக்கினார்கள். கி.பி. 69ல் ஒரே வருடத்தில் நாலு பேரரசர்கள். கி.பி. 193ல் காவல்படை பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு, பதவியைப் பாசறை மதில்மேல் நின்று ஏலம் விட்டது. டிடியஸ் ஜூலியானஸ் என்ற செனட்டர் ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் காசு தருவதாகச் சொல்லி எடுத்தார். 66 நாள் ஆண்டார். டான்யூப் ஆற்று எல்லையிலிருந்து செப்டிமியஸ் செவெரஸ் என்ற தளபதி படையோடு வந்தார், ஜூலியானஸின் தலை போனது. செவெரஸ் அந்தப் பழைய காவல்படையை ஆயுதம் பறித்து விரட்டிவிட்டு, தன் டான்யூப் வீரர்களை அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்.